மஹினின் மகள் எதற்காக வந்தாள்

அத்தியாயம் பதினான்கு

“பார்ப்பம்.”

போன கிழமை கொழும்பிலிருந்து சுலோச்சனா சொன்னது இந்த ஒரு சொல்தான். லண்டனில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, செவன் கிங்ஸ் பக்கத்தில் இருக்கிற அம்பலவாணன் வீட்டுப் பெடியன், கணக்காளர், ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று தகப்பன் தில்லையம்பலம் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததற்கு மகள் கொடுத்த பதில் அது. மனுசன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரை ஹரோவில் உள்ள தங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியும் விட்டார். சம்மதமா, இல்லையா என்று விளங்காமல் தாய் தவமலர்தான் ஒரு கிழமையாகச் சோறு இறங்காமல் திரிந்தாள்.

நாளைக்கு அந்த ஞாயிறு. ஆனால் இன்றைய சனிக்கிழமை பக்கத்து வீட்டு மஹினுக்கு என்று எப்போதோ ஒதுக்கியாகிவிட்டது.

மஹின் ஈரான்காரி. நடுவில் ஒரு சுவரை வைத்துக் கட்டிய இரட்டை வீட்டில் மற்றப் பாதி அவளுடையது. இந்தப் பக்கம் தவமலர் சம்பல் அரைத்தால் அந்தப் பக்கம் மஹினுக்குத் தெரியும். அவள் பாட்டுப் போட்டால் இங்கே தில்லையம்பலம் செய்தி கேட்க ஏலாது. தெஹ்ரானில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள், இங்கே உடுப்புத் திருத்திக் கொடுக்கிற கடையில் மெஷின் மிதிக்கிறாள். அவளும் தவமலரும் கதைக்கிற இங்கிலீஷ் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் விளங்கும். வெளியில் நின்று கேட்பவருக்குத் துண்டும் துணுக்குமாக இருந்தாலும், தவமலரின் காதில் அது முழு வசனமாகவே விழும்.

எண்பத்தாறில் மகன் பாபக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள் மஹின். அப்போது அங்கே ஈராக்கோடு சண்டை. பதினாலு வயதை நெருங்கினால் ஆண் பிள்ளையை நாட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள், பிறகு பட்டாளம்தான். பாபக் அந்த வயதுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தான். புருசன் அங்கேயே நின்று உழைத்து அனுப்புவது என்று ஏற்பாடு. மகள் பர்வானேக்குப் பத்து வயது. பெண் பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடிக்கமாட்டார்கள்தானே, தகப்பனோடு நிற்கட்டும், கொஞ்ச நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தாள். கொஞ்ச நாள் எட்டு வருசமாகிவிட்டது. அகதியாக இருந்தவள் திரும்பிப் போகவும் ஏலாது, மகளுக்குக் கேட்ட விசா கிடைக்கவும் இல்லை.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் தவமலருக்கு, வெட்கமாக இருந்தாலும், ஓர் ஆறுதல். அவளும் அப்படித்தானே வந்தாள்! எண்பத்தேழில் மகன் பாலேந்திராவைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறியபோது சுலோச்சனாவை யாழ்ப்பாணத்தில் தங்கச்சி வீட்டில் விட்டாள். ஆமிக்காரங்கள் பெடியன்களைத்தானே பிடிக்கிறாங்கள், பெட்டைக்கு என்ன பயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். பிறகு சுலோச்சனா தானாகவே கொழும்புக்கு வந்து, தானாகவே படித்து, கடல் மீன்களை ஆராய்கிற ஓர் அலுவலகத்தில் வேலையும் எடுத்துக்கொண்டாள். தில்லையம்பலம் அதை “மீன் கந்தோர்” என்பார்.

இப்போது மஹினின் மகளுக்கு மாணவர் விசா கிடைத்து, இன்று வருகிறாள். ஹீத்ரோவுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பைத் தில்லையம்பலம் யாரும் கேட்காமலே தலையில் போட்டுக்கொண்டார்.

அதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் லண்டனில் இல்லை என்பது அவருடைய எண்ணம். வந்து இறங்கிய எத்தனையோ ஊர்ச்சனத்தை அவர் போய் எடுத்திருக்கிறார். எந்தக் கதவால் வருவார்கள், எவ்வளவு நேரம் பிந்தினால் பயப்பட வேண்டும், உள்ளேயிருந்து அதிகாரி வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் மனுசனுக்குத் தண்ணிபட்ட பாடு. சனம் அவரை ‘ஹீத்ரோ தில்லையர்’ என்றுதான் சொல்லும். அதைக் கேட்டால் அவருக்கும் உள்ளுக்குள் குளிரும். அன்றைக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பொறுப்பை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு, கோட்டும் போட்டுக்கொண்டு காரை எடுத்தார்.

விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்து வெகுநேரமாகியும் பர்வானே வெளியே வரவில்லை. தெஹ்ரான் விமானத்தில் வந்த மற்றவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது முடித்துப் போய்விட்டார்கள்.

“என் பிள்ளையை மட்டும் ஏன் இன்னும் விடவில்லை அக்கா,” என்றாள் மஹின். தவமலர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்து ஒரு மூலையில் இருத்தினாள். தில்லையம்பலம் கம்பித் தடுப்போடு காவல் நின்றார்.

“உன்னோடு கதைத்துக்கொண்டிருந்தால் பயம் தெரியாது,” என்று மஹின் தானாகவே தொடங்கினாள். “ஈலிங்கில் என் ஒன்றுவிட்ட அக்கா ஃபரீதே இருக்கிறாளே, அவள் எப்படி வந்தாள் தெரியுமா? ஷா காலத்தில் புருசன் படிக்க வந்தார். இவள் பின்னால் வந்தாள். படிப்பு முடியத் திரும்புவோம் என்று வீட்டுக்குக் கம்பளமெல்லாம் வாங்கி மடித்து வைத்திருந்தாள். எழுபத்தொன்பதில் அங்கே எல்லாம் மாறிவிட்டது. மடித்த கம்பளத்தை இங்கேயே விரித்தாள்.”

“அண்டைக்கு உன்ரை வீட்டை வந்த அந்த உயரமான மனுசி?”

“அது ஃபரீதே இல்லை அக்கா, வேறொருத்தி. அங்கே நீதிபதியாக இருந்தவள். புரட்சிக்குப் பிறகு பெண்கள் நீதிபதியாக இருக்கக்கூடாது என்று எழுதுவினைஞர் மேசைக்கு மாற்றினார்கள். தான் தீர்ப்புச் சொன்ன அதே கட்டடத்தில் கோப்புத் தூக்கச் சொன்னார்கள். வந்துவிட்டாள்.” மஹின் தேநீரை ஊதினாள், குடிக்கவில்லை. “நான் பாபக்குக்காக வந்தேன். பர்வானே எனக்காக வருகிறாள். இனி அவளைப் போகவிடமாட்டேன். படிப்பு என்றுதான் விசா எடுத்தாள். ஆனால் வந்துவிட்டால் என்னோடுதான். உன் வீட்டுக்காரரிடமும் வேலியில் வைத்துச் சொன்னேன்.”

தவமலர் தலையாட்டினாள். எட்டு வருசம் பிரிந்த பிள்ளை தாயிடம்தானே வரும், வேறு எதற்கு வரும் என்று அவளும் நினைத்தாள்.

அப்போது தில்லையம்பலம் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ! ஸ்பீக்கரிலை பிள்ளையின்ரை பேரைச் சொல்லி, எடுக்க வந்த ஆக்களைக் கூப்பிட்டவை. நான் போனனான். ஒரு வெள்ளைக்கார மனுசி வந்து விசாரிச்சவ. எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டன்.”

“என்ன சொன்னனீங்கள்?” என்று தவமலர் கேட்டாள்.

“சொல்லவேண்டியதைத்தான். பிள்ளை இனித் திரும்பிப் போகாது, அங்கை பெரிய ஆபத்து, தாயும் தமையனும் இஞ்சைதான், தாய் அகதியாய் வந்தவ, இதுவும் இனி இஞ்சைதான் எண்டு. எங்கடை ஆக்களுக்கு நான் சொல்லாத கதையே? கேட்டு எழுதிக்கொண்டு போறா.”

மஹின் அவர் சொன்னது விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தவமலர் அவர்களுடைய இங்கிலீஷில் சொன்னாள். கோப்பை மஹினின் கையிலிருந்து சரிந்து தேநீர் மேசையெல்லாம் ஓடியது.

“ஐயோ!” அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மஹின் நன்றாகவே பழகியிருந்தாள். “அவள் அகதியாக வரவில்லை மிஸ்டர் தில்லை! படிக்க வருகிறாள். படித்து முடித்துத் திரும்பிப் போவேன் என்று சொன்னால்தான் அந்த விசா. போகமாட்டாள் என்றால் பொய் சொல்லி விசா எடுத்தாள் என்று ஆகிவிடும். இன்றைக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள்!”

தில்லையம்பலத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் எடுத்துவிட்ட சனத்தில் ஒருவராவது நேரான விசாவோடு வந்ததில்லை. நேராக வருகிறவரைக் காப்பாற்ற என்ன சொல்ல வேண்டும் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

“நான்… நல்லதுக்குத்தானே…” என்றார்.

“நல்லதுக்குத்தான். ஆர் உங்களைக் கேட்டது?” என்றாள் தவமலர். முப்பது வருசத்தில் புருசனிடம் அப்படிக் கேட்டது அவளுக்கே புதினமாக இருந்தது.

திரும்பவும் ஒலிபெருக்கி கூப்பிட்டது. இந்த முறை தாயை. மஹின் எழுந்து நின்று தவமலரின் கையை இறுக்கிப் பிடித்தாள். “நீயும் வா அக்கா. நான் தனியாகப் போகமாட்டேன்.”

அந்த வெள்ளைக்கார மனுசி பொல்லாதவள் இல்லை. நடுத்தர வயது, களைத்த கண். சிநேகிதியும் வரட்டும் என்று சொல்லி இரண்டு பேரையும் சின்ன அறை ஒன்றில் இருத்தினாள். பர்வானே அங்கே இல்லை. வேறோர் அறையில் வைத்திருந்தார்கள்.

“ஒரு கேள்விதான்,” என்றாள் அதிகாரி. “உங்கள் மகள் படிப்பு முடியத் திரும்புவேன் என்கிறாள். வெளியே நின்ற கனவான் அவள் ஒருநாளும் திரும்பமாட்டாள் என்கிறார். எது உண்மை?”

மஹின் தவமலரைத் திரும்பிப் பார்த்தாள்.

தவமலருக்கு அப்போதுதான் அதன் பாரம் விளங்கியது. திரும்புவாள் என்று சொன்னால்தான் பிள்ளை உள்ளே வரும். அதைச் சொல்ல வேண்டியவள், பிள்ளையை இனி விடுவதில்லை என்று கால்மணி நேரத்துக்கு முன்னர் சபதம் போட்ட தாய். இந்தக் கோதாரிக் கேள்வியைக் கேட்க இவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று பற்றிக்கொண்டு வந்தது.

“அந்தக் கனவான் யார்?” அதிகாரி தவமலரைப் பார்த்துக் கேட்டாள். “குடும்பத்தவரா?”

“என் கணவர்,” என்றாள் தவமலர். பிறகு ஒரு மூச்செடுத்துச் சொன்னாள். “அவர் அந்தப் பிள்ளையை ஒருநாளும் கண்டதில்லை. ஒரு சொல் கதைத்ததில்லை. எங்கள் நாட்டு ஆட்கள் வந்தால் சொல்கிறதைப் பழக்கத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, மேடம்.”

ஹீத்ரோ தில்லையரை அவருடைய சொந்தக் கோட்டையில் வைத்தே மனைவி கவிழ்த்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் என்ன நடக்குமோ என்று நினைத்தாலும் அந்த நேரம் பயம் வரவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டு மஹினைப் பார்த்தாள். “நீங்கள் சொல்லுங்கள்.”

மஹின் மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். “அந்த மனிதர் சொன்னது என்னுடைய ஆசை. நான் சொல்லக் கேட்டதைத்தான் சொன்னார். என் மகள் சொன்னது அவளுடைய முடிவு. அவளிடம் நான் கேட்கவில்லை. எட்டு வருசம் நான் அவளோடு இல்லை. போவேன் என்று சொன்னாளா? அப்படியென்றால் போவாள்.” அவள் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள். “என்னால் அவளை மறிக்க முடியாது.”

பேனை நின்றது. அதிகாரி இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வர வெகுநேரமாயிற்று. மஹின் தன்னுடைய பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தவமலர் தனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள்.

வந்தவள் சொன்னது ஒரு வசனம். “உங்கள் மகள் வெளியே வருகிறாள்.”

பர்வானே ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெளிறிய முகம், நீட்டு மூக்கு, தலையில் துணி இல்லை. அதைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். தாயைக் கண்டதும் ஓடி வரவில்லை. கிட்ட வந்து, யார் என்று அடையாளம் பார்ப்பது போல ஒரு கணம் நின்று, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். மஹின்தான் கட்டிப்பிடித்துக் கதறினாள். பர்வானே தாயின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். தாயைவிட ஒரு சாண் உயரம்.

தில்லையம்பலம் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு முன்னால் வந்தார். “மகள், ஐ ஆம் வெரி சொறி. என்ரை பிழை.”

“பரவாயில்லை அங்கிள்,” என்றாள் பர்வானே. நல்ல இங்கிலீஷ். “உங்களால்தான் நான் எதற்கு வந்தேன் என்று அவர்கள் இவ்வளவு விளக்கமாகக் கேட்டார்கள். வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை.”

அவள் குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று தவமலருக்குப் பிடிபடவில்லை.

காரில் முன்னுக்குத் தவமலர், பின்னுக்குத் தாயும் மகளும். மோட்டார்வேயில் ஏறிய பிறகு மஹின் மெதுவாகக் கேட்டாள். இங்கிலீஷில்தான் கேட்டாள், முன்னுக்கு இருப்பவர்கள் கேட்கட்டும் என்றோ, தன் பாஷையில் கேட்கத் தைரியமில்லாமலோ தெரியாது.

“திரும்பிப் போவேன் என்று சொன்னது விசாவுக்குத்தானே, பர்வானே ஜான், என் செல்லமே?”

“இல்லை அம்மா.”

“பிறகு?”

“தொண்ணூறில் வடக்கில் பூமி அதிர்ந்ததே, அம்மா. ஒரு இரவில் ஊர் ஊராய்ப் போனது. அப்பாவோடு சாமான் கொடுக்கப் போனேன். ஒரே தெருவில் ஒரு வீடு நின்றது, பக்கத்து வீடு மண். ஏன் அது நின்றது, இது விழுந்தது என்று படிக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் கேட்ட பாடத்துக்குப் பெண்களை எடுக்கமாட்டோம் என்றார்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள், ஆனால் அதுவரை நான் காத்திருக்க முடியாது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை அங்கே போய்விடுவேன். படித்துவிட்டு அந்தத் தெருவுக்குத்தான் போவேன்.”

“லீட்ஸா? திங்கட்கிழமையா?” என்றாள் மஹின். லீட்ஸ் என்றது விசாவுக்கு எழுதிய பேர், பிள்ளை இருக்கப்போவது ஹரோவில் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த தவமலருக்குப் பொறுக்கவில்லை. பெற்ற வயிறு என்று ஒன்று இருக்கிறதே! திரும்பிப் பார்த்துச் சொன்னாள். “அம்மா பட்ட கஷ்டம் உனக்குத் தெரியாது பிள்ளை. அண்ணாவை அந்தச் சண்டையிலிருந்து காப்பாற்றத்தானே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தா?”

“தெரியும் அன்ரி,” என்றாள் பர்வானே. குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. “எண்பத்தெட்டில் தெஹ்ரானுக்கு ஏவுகணை வந்தது. அப்பாவும் நானும் கார் நிறுத்துகிற நிலவறையில் படுத்தோம். என் வகுப்பில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அந்தக் குண்டு ஆண் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று விசாரித்து விழவில்லை. அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை அன்ரி. முந்தி இருந்தது. இப்போது இல்லை. ஆனால் நான் அம்மாவிடம் வந்துவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் படிக்க வந்தேன். அம்மா இங்கே இருப்பது எனக்குச் சந்தோஷம்.”

மஹின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பர்வானே தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்ததைத் தவமலர் பார்த்தாள்.

ஹரோ வரும்வரை தவமலருக்குள் யாழ்ப்பாணம் ஓடிக்கொண்டிருந்தது. சுலோச்சனா இருந்த தங்கச்சி வீட்டுக்குப் பின்னால் பொம்மர் குண்டு போட்டது. வளவில் வெட்டிய பங்கருக்குள் தண்ணீர் நின்றது, அதற்குள் முழங்கால் நனைய இருந்தோம் என்று தங்கச்சி பிறகொருநாள் சொன்னாள். சுலோச்சனா ஒருநாளும் சொன்னதில்லை. அவளிடம் கேட்டோமா? படிச்சனியோ, சாப்பிட்டனியோ, காசு வந்ததோ என்பதைத் தவிர அந்தப் பிள்ளையிடம் நாங்கள் கேட்டதென்ன? நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குள் வந்ததும் தில்லையம்பலம் கோட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்தார்.

“மஹின் சொன்னவ, அந்த மனுசியிட்டை எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னனீராம்?”

“ஓம். சொன்னனான்.”

“எத்தினை சனத்தை எடுத்துவிட்ட ஆள் நான்!”

“எடுத்துவிட்டனீங்கள்தான். இண்டைக்கு ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பப் பாத்தனீங்கள். அதுக்கு என்ன வேணுமெண்டு கேட்டனீங்களே? நானும்தான் கேக்கேல்லை. பெத்த தாயும் கேக்கேல்லை.” தவமலர் படிக்கட்டடியில் இருந்த தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தத் தொடங்கினாள்.

“இப்ப ஆருக்கு?”

“சுலோவுக்கு.”

“விசரே உமக்கு? நாளைக்கு அவையள் வந்து கலியாணத்துக்கு நாள் வைச்சிட்டுப் போகட்டும். பேந்து எடுத்துச் சொல்லுவம்.”

“அவள் எயார்ப்போட்டிலை வந்து நிக்க, ஏன் வந்தனி எண்டு ஒரு வெள்ளைக்காரி கேப்பாள். அவள் கேக்க முதல் நாங்கள் கேப்பம்.”

அங்கே மணி அடித்தது. இப்போது கொழும்பில் சுலோச்சனாவோடு இருக்கிற தங்கச்சி எடுத்து, அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

“என்னம்மா? நாள் வைச்சாச்சோ?”

“நாள் ஒண்டும் வைக்கேல்லை. பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லு. கலியாணத்தை ஒருபக்கம் வை. நீ லண்டனுக்கு வாறதெண்டா என்னத்துக்கு வருவாய்? உனக்கு என்ன வேணும்?”

இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தாள்.

“அம்மா… உங்களுக்குச் சுகம்தானே?”

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்டதுக்குச் சொல்லு.”

“மெய்யாத்தான் கேக்கிறியளோ?”

“ஓமடி.”

“அப்ப அப்பாவிட்டைக் குடுங்கோ. அவரும் கேக்கட்டும். நான் ஒருக்காத்தான் சொல்லுவன்.”

தவமலர் ரிசீவரை நீட்டினாள். தில்லையம்பலம் அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு வாங்கினார்.

“பிள்ளை. அப்பா. சொல்லு.”

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். ஒருமுறை “எப்ப?” என்றார். பிறகு, “எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?” என்றார். பிறகு படியில் இருந்துவிட்டார். ரிசீவர் மடியில் கிடந்தது.

“என்னவாம்? சொல்லுங்கோ, என்னவாம்?”

“அவளுக்கு விசா கிடைச்சிட்டுதாம்.”

“ஆர் எடுத்துக் குடுத்தது? நாங்கள் இன்னும் ஸ்பொன்சரே எழுதேல்லையே?”

“லண்டனுக்கில்லை, தவம். நோர்வேக்கு. பேர்கன் எண்டு ஒரு இடமாம். மீன் படிப்பு. அங்கை யூனிவசிற்றியே முழுச் செலவும் பாக்குதாம். வாற கிழமை பயணமாம்.” அவர் மூக்கை உறிஞ்சினார். “ஆராவது கேட்டாச் சொல்லுவம் எண்டு இருந்தவளாம். நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையாம்.”

தவமலர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதே சுவரின் மறுபக்கம் மஹின் ஏதோ சொல்வதும், இளம் குரலொன்று பதில் சொல்வதும் கேட்டது. இவளும் எங்களிடம் வரமாட்டாள் என்ற துக்கம் வந்தது. அதோடு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு பெருமையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எதற்கு அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஆரோடை போறாளாம்?”

“தனியத்தானாம்.”

மடியில் கிடந்த ரிசீவருக்குள்ளிருந்து “அப்பா… அப்பா… நிக்கிறியளோ?” என்று சின்னதாகச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

“நாளைக்குச் செவன் கிங்ஸ் ஆக்கள் வருகினமே,” என்றார் தில்லையம்பலம். “அவையளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

தவமலர் குனிந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

“பிள்ளை, அம்மா,” என்றாள். “அங்கை சரியான குளிராமே. என்ன உடுப்பு வைச்சிருக்கிறாய்?”